பாப்பா வரன் விஷயமா அப்பாவுக்கு

ஹோம்ஸ்டெட், பென்சில்வேனியா
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நல்லா இருக்கேன். உங்க கடிதம் கிடைச்சுது. தங்கச்சி பாப்பாவுக்கு வந்த ஈரோட்டு வரனை ஜாதகம்கூட வாங்காம திருப்பி அனுப்பிட்டீங்களாமே. "நூல் மில் வெச்சிருக்கற வீடு, அடுத்தவன் வயித்துல அடிக்காம அத்தனை காசு சேராது"ன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதுல இருந்து அதே நெனப்பா இருக்குதுங்கப்பா.

இங்க பனி கொட்டித் தீர்க்குது. கையுறை இல்லாம கதவுப் பூட்டைத் தொட முடியலை. அம்மா, ஞாயித்துக்கிழமை கொள்ளு கடைஞ்சேன். ஒருத்தனுக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியாம, அதையே நாள்கணக்கா சாப்பிட்டேன்.

நான் வாடகைக்கு இருக்கற வீட்டுக்குச் சொந்தக்காரரைப் பத்தி எழுதணும். இந்தத் தெருவுல நாலு வீடு அவருக்குச் சொந்தம். எழுபது தாண்டியும் விடியறதுக்குள்ள மண்வாரி எடுத்து, குடியிருக்கறவங்க வாசல் பனியையும் அவரேதான் தள்ளறார். முழங்கையில ஒட்டுப் போட்ட கோட்டு. வாடகையைப் பத்தி ஒருநாள் பேச்சு வந்தப்போ, "முடியறப்போ கொடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அது சின்ன விஷயம், விடுங்க.

அவரோட தாத்தா இந்த ஊர் இரும்பு ஆலையில வேலை செஞ்சவர். ஆலை முதலாளி ஆண்ட்ரூ கார்னகி ஒரு கைத்தறி நெசவாளி மகன்னு வீட்டுக்காரர்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஸ்காட்லாந்துல நீராவித் தறி வந்ததும் அப்பனுக்குக் கூலி போச்சு. 1848ல கடன் வாங்கிக் கப்பல் ஏறி இங்க வந்தாங்க. பையன் பஞ்சாலையில வாரம் 1.20 டாலருக்கு பாபின், அதான் நூல் சுத்தற கட்டை, எடுத்துக் கொடுக்கற வேலை. நான் உங்க தறிக்கு நூல் தார் சுத்தின வயசுதான். அப்போ ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு பணக்காரர், வேலைக்குப் போற பசங்களுக்காக சனிக்கிழமைதோறும் தன் வீட்டுப் புத்தகங்களைத் திறந்துவிட்டார். கார்னகி படிச்சது அங்கதான்.

நீங்க சொல்றதும் இங்க நடந்திருக்கு, மறைக்கலை. 1892ல கூலிக் குறைப்பை ஒத்துக்காத தொழிலாளிகளை வெளிய நிறுத்தி ஆலையைப் பூட்டினாங்க. ஆத்து வழியாப் படகுல அடியாட்கள் வந்தாங்க. சண்டையில ரெண்டு பக்கமும் உயிர் போச்சு. கார்னகி அப்போ ஸ்காட்லாந்துல இருந்தார், ஆனா பொறுப்பு அவருதுதான். அதே மனுஷன் 1901ல கம்பெனியை 48 கோடி டாலருக்கு வித்துட்டு, பெரும்பகுதியைத் தானம் பண்ணினார். உலகம் முழுக்க அவர் பணத்துல 2,500 நூலகத்துக்கு மேல எழும்பியிருக்கு. எங்க மேட்டுல இருக்கறது 1898ல திறந்தது, உள்ள நீச்சல் குளம்கூட உண்டு. காசு கொடுக்காம நான் அங்கதான் போய் உக்காந்து படிக்கறேன்.

ஒரே ஆள்கிட்ட ரெண்டும் இருந்திருக்கு. அப்படின்னா ஒருத்தர்கிட்ட காசு இருக்குன்னு தெரிஞ்சதும் அவர் குணமும் தெரிஞ்சுபோச்சுன்னு எப்படிங்கப்பா சொல்றது? உங்களுக்கு நெய்யறதுக்குப் பாவு நூல் கொடுத்த முதலாளி, சின்னக் கறைக்கெல்லாம் கூலியைப் பிடிச்சதை நான் மறக்கலை. அன்னிக்கு ராத்திரி அம்மா அடுப்பு பத்த வைக்கலை. அந்த ஆளைப் பத்தி நீங்க எது சொன்னாலும் சரி. ஆனா ஈரோட்டுக்காரங்க வேற ஆளுங்க. அவங்க மில்லுல கூலி ஒழுங்காக் கொடுக்கறாங்களா, வேலைக்காரங்ககிட்ட எப்படிப் பேசறாங்கன்னு விசாரிங்க. பெருந்துறை மாமாவுக்கு அங்க தெரிஞ்சவங்க இருக்காங்க. கெட்டவங்கன்னா நானே வேண்டாம்பேன்.

பாப்பா என்ன சொல்றா? அவகிட்ட யாராவது கேட்டீங்களா?

நேத்து ராத்திரி பக்கத்து வீட்டு ஹீட்டர் தடதடன்னு அடிச்சுது. அரைத் தூக்கத்துல நம்ம தறின்னே நெனச்சுட்டேன். அப்புறம் தூக்கம் வரலை. தைப்பூசத் தேர் பார்க்கணும் போல இருக்கு. தேர் இழுக்கறப்போ போன் போடுங்க, சத்தமாவது கேக்கறேன்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் பிந்தி வரும், பேங்க்ல ஏதோ ஃபாரம் கேக்கறாங்க. சீட்டுப் பணத்துக்கு மட்டும் மாமாகிட்ட வாங்கிக் கட்டிடுங்க. அம்மா முட்டி வலியோட மலைப்படி ஏற வேண்டாம், பஸ்ஸுல போகட்டும். தேர் முடிஞ்சதும் நீங்களும் மாமாவும் ஈரோடு போய் அவங்க வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுப் பேசிட்டு வாங்க. ஜாதகத்தை மாமாகிட்ட இப்பவே கொடுத்து வைங்க.

அன்புடன்,
செந்தில்