டப்பாவின் மேல் உண்மையை எழுதச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தர நிர்ணய அதிகாரிகளுக்கு,

ஏற்காட்டிலிருந்து வணக்கம். காப்பித் தோட்டங்களுக்குள் காட்டு மாடு வருவது உங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். நான் பேச வந்தது அதை விரட்ட வாங்கும் பெப்பர் ஸ்பிரே, அதாவது மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் டப்பாவைப் பற்றி.

போன மாதம் என் அண்ணன் சேலத்தில் ஒரு கடையில் பெப்பர் ஸ்பிரே வாங்கினார். ‘கரடியையே விரட்டும், 20 லட்சம் ஸ்கோவில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. (ஸ்கோவில் என்பது காரத்தை அளக்கும் அலகு.) விடிகாலைப் பனியில் தோட்டத்துக்குப் போனவர், எதிரே மாட்டைக் கண்டதும் அழுத்தியிருக்கிறார். ஆறடி கூடப் போகவில்லை. காற்று திருப்பி அவர் முகத்திலேயே அடித்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, மாடு எந்தப் பக்கம் நிற்கிறதென்றும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரத்தைக் கட்டிக்கொண்டு, அது மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டபடி கால் மணி நேரம் நின்றிருக்கிறார். ஸ்பிரே கண்ணுக்குள் போனால் என்ன செய்வதென்று டப்பாவில் ஒரு வரி இல்லை. காலாவதித் தேதியும் இல்லை.

அமெரிக்காவில் கரடி ஸ்பிரேயைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறார்கள். (கரடி அங்கே பூச்சிக் கணக்கு!) காரம் தரும் கேப்சைசினாய்டுகள் 1 முதல் 2 சதவீதம் இருக்க வேண்டும், டப்பாவில் பதிவு எண் இருக்க வேண்டும். கனடாவிலும் பூச்சிக்கட்டுப்பாட்டுச் சட்டம்தான். லேபிள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வருகிறது. பிரிட்டனில் 1968 ஆயுதச் சட்டப்படி இந்த மாதிரி ஸ்பிரேயைக் கையில் வைத்திருப்பதே குற்றம். சரியோ தப்போ, ஒரு முடிவாவது எடுத்திருக்கிறார்கள்.

இங்கே ‘20 லட்சம்’ என்பது உள்ளே சேர்க்கும் மிளகாய் எண்ணெயின் காரமா, அதைக் கரைத்து அடைத்த பிறகு உள்ள காரமா? சிலர் ‘மிளகாய் எண்ணெய் 10 சதவீதம்’ என்று போடுகிறார்கள். குண்டு மிளகாயிலும் எண்ணெய் உண்டு, ஊசி மிளகாயிலும் உண்டு. இரண்டும் ஒரே காரமா? ஆகவே கேட்கிறேன்: கேப்சைசினாய்டு எத்தனை சதவீதம், எத்தனை அடி பாயும், எப்போது காலாவதி என்று டப்பாவின் மேல் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள் பொட்டலத்தில் எடை, தேதி, உரிம எண் எல்லாம் இருக்கிறது. குழம்பில் போடும் மிளகாய்க்கு அத்தனை காவல், உயிருக்கு நம்பும் மிளகாய்க்கு ஒன்றுமில்லை. கோடை விழாவுக்கு ஊரெல்லாம் சீரியல் லைட் போடுகிறவர்கள் எங்கள் தோட்டப் பாதைக்கு ஒரு விளக்கு... சரி, அது உங்கள் துறை இல்லை, மன்னிக்கவும்.

விதி ஏற்கெனவே இருந்தால், தயவுசெய்து கடைகளில் சோதியுங்கள். இல்லாவிட்டால் ஒன்று கொண்டுவாருங்கள். எத்தனை சதவீதம், எத்தனை அடி, எந்தத் தேதி வரை: கேட்பது இவ்வளவுதான். அண்ணன் வாங்கிய டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் என் செலவிலேயே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுக் காப்பி விவசாயி ஒருவர்