றிமோட் ஸ்ராட்டர் இருந்தால் புளொக் ஹீட்டர் வேண்டாமோ?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வந்த மாரிகால வாகனப் பராமரிப்புக் கட்டுரையை வாசிச்சன். ஸ்னோ ரயர், வோஷர் தண்ணி, பற்றறி எல்லாம் வடிவா எழுதியிருந்திச்சு, ஆனா கரண்டில செருகி, ஸ்ராட் பண்ண முதலே எஞ்சினைச் சூடாக்கிற எஞ்சின் புளொக் ஹீட்டரைப் பற்றி ஒரு வரியும் இல்ல. ரொறன்ரோவில இருந்து எழுதுற ஆக்களுக்கு அது ஞாபகம் வராதுதான், அங்க மைனஸ் 20 எண்டால் ரிவியில சொல்லுவினம், இஞ்ச எட்மன்ரனில அதைப் பெரிய குளிர் எண்டே ஆரும் கதைக்க மாட்டினம். இப்ப வீட்டு விலையால ஸ்காபரோ, பிரம்ரன் பக்கமிருந்து எங்கட சனம் குடும்பம் குடும்பமா எட்மன்ரன், கல்கரிக்கு வருகுது, அவையும் உங்கட பேப்பரைத்தான் வாசிக்கினம். வாற ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "றிமோட் ஸ்ராட்டர் பூட்டியிருக்கிறன் தானே அண்ணை, பிறகேன் வயர் இழுப்பான்?"

அதுக்குத்தான் இந்தக் கடிதம். றிமோட் ஸ்ராட்டர் செய்யிறது என்ன, உறைஞ்சு போய்க் கிடக்கிற எஞ்சினை வீட்டுக்குள்ள நிண்டபடி ஸ்ராட் பண்ணுறது, அவ்வளவுதான். உங்களுக்குக் குளிராது, எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்ல. மைனஸ் 30இல ஒயில் பாணி மாதிரித் தடிச்சுப் போயிருக்கும், அது மேல ஏறி எல்லா இடமும் போய்ச் சேரும் வரைக்கும் இரும்பு இரும்போட உரசுது, அந்த நேரம் பாத்து பற்றறியும் தன்ர பலத்தில பெரும்பகுதியை இழந்து நிக்கும், எஞ்சினோ சுத்துறதுக்கு வழமையை விடக் கூடக் கரண்ட் கேக்கும். இதில ஸ்ராட் பட்டனை எத்தினை தரம் அமத்தினாலும் "டிக் டிக்" எண்ட சத்தம்தான் வரும்.

புளொக் ஹீட்டர் எஞ்சினை ஸ்ராட் பண்ண முதலே சூடாக்கி வைக்குது. எஞ்சின் புளொக்கை வார்க்கேக்க பக்கத்தில சில ஓட்டை வரும், அதை உலோக மூடியால அடைச்சிருப்பினம், அதில ஒண்டைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில இந்த ஹீட்டரைப் பூட்டுறது. எஞ்சினுக்குள்ள ஓடுற கூலன்ட் தண்ணி சூடாகி மெல்ல மெல்ல மேல போய் முழு எஞ்சினுக்கும் சூட்டைக் குடுக்கும். காருக்கு அனேகமா 400 வாட் சொச்சம், பெரிய டீசல் ட்றக் எண்டால் 1000, 1500 எண்டு போகும். எஞ்சின் லேசாச் சுத்தும், உள்ளுக்க சூடான காத்தும் வேளைக்கு வரும், கண்ணாடியில பிடிச்ச ஐஸும் கெதியா உருகும். மைனஸ் 20இல 10 வீதம் வரைக்கும் பெற்றோல் மிச்சம் எண்டு கனடா இயற்கைவள அமைச்சே சொல்லுது. (புளொக் ஹீட்டரைக் கண்டுபிடிச்சதும் குளிர்தேச ஆள் தான், அமெரிக்காவில நோர்த் டக்கோட்டா கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில ஆண்ட்ரூ ஃப்ரீமன் எண்டவர், எஞ்சின் மூடியைப் பூட்டுற போல்ட் ஒண்டை எடுத்துப்போட்டு கரண்டில சூடேறுற போல்ட்டைப் போட்டார், பேட்டன்ட் கிடைச்சது 1949இல.)

ஒன்ராறியோவில வாங்கின காரை அப்பிடியே ஓட்டிக்கொண்டு வாற ஆக்கள் கவனிக்க வேண்டியது, மேற்கில விக்கிற கனக்கக் காருக்கு இது பூட்டித்தான் வரும், உங்கட காருக்கு இருக்கோ இல்லையோ தெரியாது. முன் கிறில் பக்கம் மூண்டு முள்ளு பிளக் ஒண்டு தொங்குதோ எண்டு பாருங்கோ, சில காரில பொனெற்றுக்குள்ள மடிச்சுக் கட்டியிருப்பினம். இல்லையெண்டால் பூட்டலாம், அதுக்கு இடமில்லாத எஞ்சினுக்கு எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டில (ஒயில் பான்) ஒட்டுற சூட்டுப் பட்டை இருக்கு. பிளக் பண்ணின உடன சின்னதா "ஸ்ஸ்" எண்டு சத்தம் கேக்கும். சில வண்டியில வயரிலயே தெர்மோஸ்ராற் இருக்கு, மைனஸ் 18க்குக் கீழ போனாத்தான் வேலை செய்யும், அது தெரியாமல் பழுதாப் போச்சுதெண்டு காசு குடுத்து மாத்தின ஆக்களும் இருக்கினம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விசயம். இஞ்ச பழைய ஆக்களே கனபேர் பின்னேரம் வேலையால வந்த உடன பிளக்கைச் செருகிட்டு காலமை வரைக்கும் அப்பிடியே விடுகினம். தேவையே இல்ல. ரெண்டு மணித்தியாலம் காணும், மைனஸ் 30, 35க்கு மூண்டு நாலு எண்டு வையுங்கோவன், அதுக்கு மேல எஞ்சின் சூடு ஏறாது, மீற்றர் தான் ஏறும். 400 வாட் ஹீட்டர் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு யுனிட் கூட எடுக்காது, 12 மணித்தியாலம் விட்டால் கிட்டத்தட்ட அஞ்சு யுனிட். வெளியில பாவிக்கிற ரைமர் ஒண்டு கனேடியன் ரயர் மாதிரிக் கடையளில விக்குது, ஆறு மணிக்கு வெளிக்கிடுற ஆள் நாலு மணிக்கு ஓன் ஆகிற மாதிரி வைச்சிட்டுப் படுக்கலாம்.

இது வெறும் கரண்ட் பில் கதை இல்ல. 2024 ஜனவரி 13 சனிக்கிழமை பின்னேரம், மைனஸ் 40ஐத் தாண்டின குளிரில, எட்மன்ரன், கல்கரி இருக்கிற எங்கட அல்பேர்ட்டா மாகாணத்தில எல்லாற்ற போனும் ஒரேயடியாக் கத்திச்சு, கரண்டைக் குறையுங்கோ இல்லாட்டி மாறி மாறி வெட்ட வேண்டி வரும் எண்டு. அண்டைக்குத் தள்ளிப்போடச் சொன்ன சாமான்களில புளொக் ஹீட்டரும் ஒண்டு. சனம் லைற்றை அணைச்ச உடன சில நிமிசத்துக்குள்ளயே 150 மெகாவாட் குறைஞ்சிட்டுது. பின்னேரம் நாலுக்கும் ஏழுக்கும் இடையிலதான் சமையல், வீட்டு ஹீட்டர், உடுப்பு மெசின் எல்லாம் ஒண்டா ஓடுது, அந்த நேரம் பாத்து மாகாணம் முழுக்கக் காரையும் செருகினால் தாங்குமோ, ரைமர் வைச்சால் இந்தச் சுமை விடியப்புறத்துக்குப் போயிடும்.

வயர் விசயத்தில மட்டும் காசு பாக்காதேங்கோ. வீட்டுக்குள்ள லாம்புக்குப் பாவிக்கிற மெல்லிய வயர் சூடாகும், பனியில விறைச்சு வெடிக்கும். வெளியில பாவிக்கிறது எண்டு போட்ட, மூண்டு முள்ளு, 14 இல்லாட்டி 12 கேஜ் தடிப்பான வயர் வாங்குங்கோ. பிளக் முனை கறுத்திருந்தாலோ, ஹீட்டரடியில கூலன்ட் ஒழுகினாலோ அதைச் செருகவே வேண்டாம், அதில சோட் ஆகி நெருப்புப் பிடிக்கலாம், இதுக்காகவே கம்பனிகள் கார்களைத் திருப்பி எடுத்துத் திருத்திக் குடுத்திருக்கு. வெளிச் சுவரில உள்ள பிளக் அனேகமா 15 அம்ப், மொத்தம் 1800 வாட் தான், ரெண்டு காரோட கார் உள்ளுக்குள்ள வைக்கிற ஹீட்டரையும் மாட்டினால் பிரேக்கர் விழலாம், பிறகு காலமை ரெண்டு காரும் ஓடாது. பேஸ்மென்ற் வாடகைக்கு எடுக்கிற ஆக்கள், கையெழுத்து வைக்க முதலே காருக்குப் பிளக் இருக்கோ, கரண்ட் காசு ஆர் கட்டுறது எண்டு கேளுங்கோ. இதால வீட்டுக்காரரோட மனஸ்தாபம் வந்த கதை எனக்கு நிறையத் தெரியும்.

ஆசிரியரிட்ட ஒரு வேண்டுகோள், வாற வருசம் இந்த மாரிக் கட்டுரையை டிசம்பரில போடாமல் ஒக்டோபர் முதல் கிழமையே போடுங்கோ, மேற்கில இருக்கிற ஒரு தமிழ் மெக்கானிக்கையும் கேட்டுப் போடுங்கோ. முதல் குளிர் அடிச்ச பிறகு இஞ்ச ஹீட்டர் பூட்ட கராஜில இடம் எடுக்கிறது பெரும்பாடு.

இப்படிக்கு,
எட்மன்ரன் வாசகர் ஒருவர்