பிரெடிக்குப் பியானோ கிடைத்தது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் குயின் ரொக் குழுவைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1985இல் நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் கச்சேரி மேடையைக் கட்டுரையாளர் நேரில் பார்த்தவர் போலவே எழுதியிருந்தார். ஆனால் பாடகர் பிரெடி மெர்கியூரிக்கு எல்லாம் பிறவியிலேயே வந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

1946இல் சன்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை அவர். சின்ன வயதிலேயே பம்பாய்ப் பக்கம் பஞ்ச்கனி விடுதிப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். நம் நுவரெலியாவைப் போல, வெள்ளைக்காரர் குளிரைத் தேடிப்போய் உண்டாக்கிய மலையூர் அது. அங்கே பியானோ படித்தார், பாடசாலைப் பாடகர் குழுவில் பாடினார். பையன்கள் சேர்ந்து தொடங்கிய ஹெக்டிக்ஸ் பேண்டில் அவர் பியானோக்காரர்தான். முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது 1964இல். அதற்குள் காது நன்றாகப் பழகிவிட்டது.

1975இல் வந்த குயின் பாட்டு 'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவில் பெரிய கூட்டமே ஒபரா எனும் மேற்கத்திய இசைநாடகம் பாடுவது போல் இருக்கும். பாடியவர்கள் குழுவின் மூன்றே பேர்: மெர்கியூரி, பிரையன் மே, ரொஜர் டெய்லர். திரும்பத் திரும்பப் பாடி, நாடாவில் குரல்மேல் குரலாகப் பதித்தார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் அளவில் பிடித்ததாம். சும்மா வருமா அது?

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் ஒரு தம்பி மைக் ஸ்டாண்ட் கம்பியைப் பாதியில் கழற்றி மெர்கியூரி மாதிரியே சுழற்றினான். (அவருக்குக் கச்சேரி ஒன்றில் கம்பி உடைந்துபோய், அதுவே வசதி என்று வைத்துக்கொண்டாராம்.) தம்பிக்கு நல்ல குரல். ஆனால் கீபோர்ட் சுருதி மாறியதும் பாவம், எங்கே சேர்வது என்று புரியாமல் முழித்தான். அதே பையன் மாசியில் காமன் கூத்துக்குத் தப்புப் பறையை எடுத்தால் விடியும்வரை தாளம் பிசகாது. தப்பை லயன் வீடுகளில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினார்கள். சுருதியைச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? அவன் படித்த பாடசாலையில் சங்கீத ஆசிரியரே இல்லை. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கீபோர்ட் அதிபர் அறை அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ரொக் இசை பற்றித் தொடர்ந்து எழுதுங்கள், சந்தோஷம். அப்படியே தோட்டப் பாடசாலைகளில் எத்தனைக்குச் சங்கீத ஆசிரியர் இருக்கிறார் என்பதையும் உங்கள் நிருபர்களை விட்டு விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
திருவிழா மேடைகளில் கீபோர்ட் வாசித்த ஒரு வாசகர்,
தலவாக்கலை.