பொடி இல்லை, விதைதான்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். மயிலைப் பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. மேற்காட்டு விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஆவாரம்பூப் பொடி கேட்டிருந்தாயே, அது இந்தப் பார்சலில் இல்லை. விதைதான் இருக்கிறது. கோபப்படாமல் கடைசிவரை படி.

மாடு மேய்கிற கொறங்காட்டில் கிளுவை வேலியோரம் இந்த வருடம் ஆவாரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கார்த்திகைக்குப் பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. கொழுக்கட்டைப்புல்லே காய்ந்து சருகாகிவிட்டது, இது மட்டும் பூத்துக் கொட்டியது. போகியன்று நானே ஒடித்து வந்து, வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீட்டுக்கும் கட்டுத்தறிக்கும் கிணற்றுக்கும் காப்புக் கட்டினேன். எரவாணம் எனக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். லீவு இல்லை என்றாய், சரி.

விதைத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ஒரு ராத்திரி அப்படியே விடு. ஊதிப் பெருத்ததை மட்டும் எடுத்து ஊன்று. ஆணிவேர் நேராக இறங்கும், பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் மொட்டைமாடியில் பெரிய டிரம்மிலேயே போட்டுவிடு. பாதி மண், பாதி மணல். நல்ல வெயில் வேண்டும். வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் குறைத்துவிடு, தேங்கினால் அழுகிவிடும். பச்சைப் புழு இலையைத் தின்னும், மருந்து அடிக்காதே. அது பட்டாம்பூச்சியாகிப் போய்விடும், செடி திரும்பத் துளிர்க்கும். பாப்பா பார்க்கட்டும். தண்ணீர் மட்டும் அதிகம் வேண்டாம்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு வந்தபோது ராத்திரி நாலு தடவை எழுந்தாய். சொம்பை இரண்டு தடவை காலி செய்தாய். ஐப்பசியில் அப்படி என்ன தாகம்? காலையில் தென்னைமரத்தடியில் எறும்பு மொய்த்திருந்தது. சாம்பல் போட்டு மூடிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாய், உங்கப்பா மாதிரியே.

உங்கள் தெலங்கானாவில் தங்கேடு என்கிறார்களாம், மாநிலப் பூவே அதுதானாம். பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்கி வைத்திருந்ததைப் பாப்பா போட்டோ எடுத்து அனுப்பினாள். ஹைதராபாத்தில் கிடைக்காத பூவா? அம்மாவிடம் கேட்டு, ஆபீஸ் முகவரிக்கு அனுப்பச் சொல்கிறாய் என்றால் மருமகளுக்குத் தெரியக்கூடாது என்றுதானே? இந்த வீட்டில் முதலில் படித்து வெளியே போனவன் நீ. சந்தையில் யார் கேட்டாலும் உன் பேரைத்தான் சொல்கிறேன். அந்தப் படிப்பு இதற்கு உதவவில்லையே.

இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னபோது மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று ஊரே சொல்கிறதே, காடு முழுக்க நிற்கும்போது மருந்துக் கடையில் ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்று நினைத்தேன். எட்டு மாதம் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். வேண்டாம் என்று முகம் சுளித்தால் திட்டினேன். அப்புறம்தான் அந்தப் புண். செருப்புக் கடித்தது என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லி வந்தேன். செருப்புக் கடித்தது நிஜம், ஆறாமல் போனதற்கு அது காரணமில்லை. காலை எடுக்கும் முன் டாக்டர், 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா?' என்று கேட்டார். நான் 'ஆமாம்' என்றேன். உங்கப்பா கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அதனால் பொடி இல்லை. பூப் பறித்து உலர்த்தினேன், அரைக்கக் கை வரவில்லை, மாட்டுக் கொட்டகைக் குப்பையில் கொட்டிவிட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண்ணிடம் விசாரித்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரைதானாம். மூன்று மாத சராசரியும் பார்க்கச் சொன்னாள். அவள் எழுதிக் கொடுத்த சீட்டு விதைப் பொட்டலத்துக்குள் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு விதையை ஊறப்போடு. அதற்குமேல் காபி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய்விட்டு வந்து ஊன்று. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ.

எவ்வளவு வந்தது என்று போன் செய். குறைத்துச் சொல்லாதே.

அம்மா