கோலாலம்பூர்த் தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறியபோது, "இந்த வீட்டுக்குக் கிராண்ட் எங்கே?" என்று நிலப் பட்டாவை என் பாட்டியிடம் கேட்டார்கள். மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்துக்குக் காகிதம் ஏது?

அதனால்தான் சிலாங்கூர் மாநிலத்து டெங்கில் புக்கிட் தம்போய் கிராம வழக்கை என்னால் மறக்க முடியவில்லை. 1995இல், விமான நிலையத்தை இணைக்கும் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் என்ற பூர்வகுடி மக்களின் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. பழமரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள்; மண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவர்களுள் ஒருவரான சாகோங் தாசியும் உறவினர்களும் நீதிமன்றம் சென்றார்கள். 2002இல் உயர்நீதிமன்றம் அந்த மண் அவர்களுடையது என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் அதை உறுதிசெய்தார். இழப்பீடு முடிவாக 2010 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் துயரமும் அவர்கள் துயரமும் ஒன்றல்ல. நாம் கப்பலில் வந்து இறங்கும் முன்பே அவர்கள் இங்கே இருந்தார்கள். நாம் ரப்பர் பால் வெட்டிய தோட்டங்கள் பலவும் காட்டை அழித்து எழுந்தவைதாம். நமக்கு அவர்களிடம் ஒரு கடன் உண்டு.

எரிக்கா-ஐரீன் டேஸ் என்ற கிரேக்கப் பெண்மணியை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? வழக்கறிஞர், அரசதந்திரி. பூர்வகுடி மக்களுக்கான ஐ.நா. செயற்குழுவுக்கு 1984 முதல் 2001 வரை தலைமை ஏற்றவர். அங்கீகாரம் பெற்ற அமைப்பு எதுவும் பின்னால் இல்லாத பூர்வகுடியினரும் ஜெனீவாவில் அந்தக் குழுவின் கூட்டத்துக்கு வந்து தம் வாயாலேயே பேச முடிந்தது. அவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு உருவானதுதான் உரிமைப் பிரகடன வரைவு. 2007இல் 144 நாடுகள் அதை ஆதரித்து வாக்களித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. கைதூக்கிய நாட்டின் நீதிமன்றங்களில்தான் நீங்கள் வாதாடுகிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு பூர்வகுடி நில வழக்கையாவது கட்டணம் வாங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பை உங்கள் அலுவலகத்தில் வைக்காதீர்கள். அவர்கள் வாழும் கம்பத்துக்கே, அந்தக் கிராமத்துக்கே போங்கள். எந்த டுரியான் மரத்தை யாருடைய தாத்தா நட்டார், எந்த மேட்டில் யாரைப் புதைத்தார்கள் என்று முதியவர்கள் நடந்து காட்டுவார்கள். அவர்களிடம் இருக்கும் பத்திரம் அதுதான். பொறுமையாகக் கூடவே நடந்து, ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தோட்டத்து மகள் ஒருத்தி
கோலாலம்பூர்