காவல் கப்பலின் வெற்றியில் பாதி யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால ராயல் இந்தியக் கடற்படை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பெங்கால்' என்ற சிறு காவல் கப்பல் பன்மடங்கு பெரிய ஜப்பானியக் கப்பலைத் தன்னந்தனியாக மூழ்கடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெங்காலின் துணிவை யாரும் மறுக்க முடியாது. அந்தத் 'தன்னந்தனியாக'தான் எனக்கு ஒப்பவில்லை.

1942 நவம்பர் 11. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியாவுக்குப் புறப்பட்ட 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்கு (டேங்கர்) துணையாகப் போனது பெங்கால். சிட்னியில் கட்டி, கடற்படையில் சேர்ந்து சில மாதங்களே ஆன கார்வெட் என்ற சிறு போர்க்கப்பல் அது. சுமார் 650 டன். (இதே வகையில் இந்தியாவுக்கென்று ஆஸ்திரேலியாவில் கட்டிய நான்கில் ஒன்றுக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். அதை நம் ஊரிலேயே யாரும் நினைப்பதில்லை.) கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே எதிர்ப்பட்டவை ஹோகோகு மாரு, அய்கோகு மாரு என்ற இரு ஜப்பானியக் கப்பல்கள். பயணிகளுக்காகக் கட்டிப் போருக்கு மாற்றியவை. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். டேங்கரைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு 3 அங்குலப் பீரங்கியை நம்பிக் கப்பலை எதிரியின் பக்கம் திருப்பினார் தளபதி வில்சன். இதுவரை தங்கள் கட்டுரை சரி.

ஒண்டினாவும் சும்மா இருக்கவில்லை. அதன் பின்தளத்தில் 4 அங்குலப் பீரங்கி ஒன்று இருந்தது. குண்டுகள் மொத்தமே 32. ஹோகோகு மாருவின் பின்பகுதியில் ஒரு குண்டு விழுந்தது. தீப்பிடித்து, வெடித்து, கப்பல் மூழ்கியது. அடித்தது நாங்கள்தான் என்று பெங்கால், ஒண்டினா இரண்டின் மாலுமிகளும் சொன்னார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்களில் பலர் ஒண்டினாவின் பக்கமே சாய்கிறார்கள்.

பெரிய விலை கொடுத்ததும் அந்த டேங்கர்தான். குண்டு தீர்ந்த பெங்கால், டேங்கர் தொலைந்தது என்றே எண்ணி விலகிப் போனது. ஒண்டினாவின் கேப்டன் ஹோர்ஸ்மன் உயிரிழந்தார். படகில் இறங்கியவர்களை அய்கோகு மாரு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. டேங்கரை டார்ப்பிடோவால் தாக்கியது. தொட்டிகள் காலியாக இருந்ததால் கப்பல் மிதந்தது. எதிரி போன பிறகு, பிழைத்தவர்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஃப்ரீமாண்டிலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். டச்சுக்காரர்களோடு சீன மாலுமிகளும் அதில் இருந்தார்கள்.

கட்டுரை நூலாக வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அப்போது பெங்காலின் படத்துக்குக் கீழே ஒண்டினாவின் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி