அந்தப் பையன் கழுத்தில் யாரையும் கை வைக்க விடாதே

அன்பு மாப்ளே,

உன் மெயிலை நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்துதான் படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இரண்டு நாளிலேயே அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன், அத்தை மாறவே இல்லை. ஆனால் நடுவில் நாலே வரியில் ஒன்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாய், உன் கபடி டீம் பையன் விஷயம், அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை, கிரவுண்டில் இருந்திருப்பாய். வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டிருக்கிறேன், விவரம் எல்லாம் இதில்.

நீ எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், நீயே கேட்டுப் பார். பாடிப் போனவனை மூன்று பேர் சேர்ந்து மடக்கியதில் தலை கபடி மேட் விரிப்புக்கு வெளியே தரையில் மோதியது. அரை நிமிஷம் முழித்தபடியே கிடந்தான். முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து, அடுத்த ரெய்டுக்கே போய் இரண்டு பாயிண்ட் எடுத்து வந்தான். "சிங்கக்குட்டிலே அவன்" என்று எழுதியிருக்கிறாய். மூன்று நாளாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தலைவலி விட்டுவிட்டு வருகிறது, ஆசானிடம் கூட்டிப் போய்ச் சுளுக்கு எடுக்கவா, இல்லை ரீல்ஸில் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்புகிறார்களே அந்தக் கைரோபிராக்டிக் நல்லதா, நீதான் அங்கே போகிறவனாச்சே என்று கேட்டிருக்கிறாய்.

ரெண்டுமே வேண்டாம். இப்போதைக்கு அவன் கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, தலையில் அடிபட்டது, அதற்கப்புறம் கழுத்து வலி என்று இரண்டையும் சேர்த்துச் சொல், வெறும் சுளுக்கு என்று சொல்லாதே. அதற்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ விடியும்வரைக்கூடக் காத்திருக்காதே. மைதானத்தில் கோச் கையில் வைத்திருக்க வேண்டிய அபாய அறிகுறிப் பட்டியல் ஒன்று இங்கே கனடாவில் உண்டு, அதில் கழுத்து வலியும் இருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை பிராக்டிஸ் கிடையாது. மாவட்டப் போட்டி அடுத்த வாரம் என்று தெரியும், திட்டாதே.

இவ்வளவு அதிகாரமாக ஏன் சொல்கிறேன் என்றால், ஜூன் மாதம் இதே முட்டாள்தனத்தை நான் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

மூத்தவள் இங்கே ஸ்கார்பரோவில் ஒரு கிளப்பில் சாக்கர் ஆடுகிறாள், பதினைந்து வயது. ஒரு கார்னர் பந்துக்கு எகிறும்போது இன்னொரு பெண்ணின் தோள் இவள் தாடையில் இடித்தது. தலையில் அடியே படவில்லை, கீழேயும் விழவில்லை, நான் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் கழுத்து பிடித்திருக்கிறது என்றாள். அதற்கு மறுநாள் லேப்டாப் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். போனைக் குறை என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, நான் வழக்கமாகப் போகும் கைரோபிராக்டரிடம் அழைத்துப் போனேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி இடுப்பு போனதிலிருந்து அந்த அம்மாதான் எனக்குக் கதி. அரசாங்க இன்சூரன்சில் இதை 2004-லேயே எடுத்துவிட்டார்கள், கம்பெனி இன்சூரன்ஸ் புண்ணியத்தில் ஓடுகிறது. கழுத்தில் ஒரு சடக்கு போட்டால் சரியாகிவிடும், சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்று நானே சொன்னேன்.

அந்த அம்மா கழுத்தைத் தொடவே இல்லை. நாற்காலியை இவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். மேட்ச் எங்கே நடந்தது, கடைசி கோல் யார் போட்டது, அதற்கு முந்தின வாரம் யாரோடு ஆடினீர்கள், ஜெயித்தீர்களா. இவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு வருஷத்து மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர் வரை வந்தாள், அப்புறம் ஜூலை என்றாள், இல்லை ஜூன் என்றாள், நின்றுவிட்டாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்குகிற பிள்ளை. ஒரு காலின் முன்னே இன்னொரு காலை ஒட்டிவைத்து, இடுப்பில் கை ஊன்றிக் கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது ஐந்து நொடியில் சாய்ந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். கழுத்து பிறகு, முதலில் குடும்ப டாக்டர், இன்றைக்கே என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை.

கன்கஷன் என்று தெரிந்தது அப்படித்தான். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்போமே, ஓடு முழுசாகத்தான் இருக்கும், உள்ளே தண்ணீர் குலுங்கும். அதுபோல மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. அதற்குத் தலையிலேயே அடிபட வேண்டும் என்பதில்லை, உடம்பில் விழுந்த இடி தலையை வெடுக்கென்று ஆட்டினாலே போதும். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை, அதனால் "மயங்கி விழவில்லையே" என்று நீ சொன்னால் அது செல்லாது. ஸ்கேனிலும் தெரியாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்க, அது நார்மல் என்று வந்ததும் பையனை ஆட்டத்தில் இறக்கிவிடாதே. ஹெல்மெட்டும் இதைத் தடுக்காது. கான்பெராவில் நம்ம நடராஜன் முதல் டி20 ஆடி மூன்று விக்கெட் எடுத்தானே, 2020 டிசம்பர், அதே மேட்சில்தான் ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்டில் பட்டு, கன்கஷன் ஆனவருக்கு மாற்று ஆள் இறக்கலாம் என்ற விதிப்படி அவருக்குப் பதிலாகச் சாகல் வந்து அவரும் மூன்று எடுத்தார். ஆஸ்திரேலியாக்காரர்கள் நியாயமில்லை என்று குதித்தபோது நாம் இரண்டு பேரும் போனில் எப்படிச் சிரித்தோம்! நமக்கு லாட்டரி அடித்த மாதிரிதான் தோன்றியதே தவிர, அந்த விதி எதற்காக வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா?

எனக்கு இன்னொரு குத்தலும் உண்டு. ரோவன் ஸ்டிரிங்கர் என்று ஒட்டாவாவில் பதினேழு வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாதம், ஆறு நாளுக்குள் மூன்று முறை தலையில் அடி. நடுவில் தனக்குக் கன்கஷன் இருக்குமோ என்று அவளே சந்தேகப்பட்டுத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள், போனில் தேடிப் பார்த்திருக்கிறாள், பெரியவர்கள் காதுக்கு மட்டும் அது போகவில்லை. கடைசி ஆட்டத்தில் விழுந்தவள் பிழைக்கவில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளை தாறுமாறாக வீங்கிவிடும், அரிதுதான், ஆனால் இளசுகளுக்கு வருகிறது. அவள் பேரில் எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018-ல் ஒரு சட்டமே போட்டார்கள். இருபத்தாறு வயதுக்குக் கீழே விளையாடுகிற யாராக இருந்தாலும், பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோரும், கோச்சும், வருஷா வருஷம் இதைப் பற்றிப் படித்துவிட்டோம் என்று உறுதி சொல்ல வேண்டும், சந்தேகம் வந்த நொடியே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், திரும்ப இறக்க டாக்டரோ, நர்ஸ் பிராக்டிஷனர் என்கிற கூடுதல் படிப்புப் படித்த நர்ஸோ அனுமதிக்க வேண்டும். நான் வருஷா வருஷம் உறுதி சொன்னவன்தான். மாப்ளே, ஒரு வரி படித்ததில்லை. கீழே வரைக்கும் தள்ளிவிட்டு டிக் அடிப்பேன்.

சரி, நீ கேட்ட கைரோபிராக்டிக். அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் 1895-ல் பாமர் என்பவர் ஆரம்பித்தது. காது கேளாத துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் முதுகெலும்பை அழுத்தியதும் காது கேட்டது என்று சொல்லி, கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் முதுகெலும்பு விலகலே காரணம் என்று கிளம்பினார். அதை இன்றைக்கும் பிடித்துத் தொங்குகிறவர்கள் உண்டு, எலும்பு, தசை, மூட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. நான் போகிற அம்மா இரண்டாவது வகை. இங்கே அவர்களுக்குத் தனிக் கல்லூரி, தனிச் சட்டம், பேருக்கு முன்னால் டாக்டர் போடலாம், பெரிய விளையாட்டு அணிகளிலும் இருக்கிறார்கள், ஆனாலும் கன்கஷனுக்குப் பிறகு ஆடலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை அவர்களுக்கு இல்லை. அது சரிதான் என்பேன். ரீல்ஸில் கேட்கிறதே அந்தச் சடக், அது எலும்பு இடத்துக்கு வந்து உட்காருகிற சத்தமே இல்லை. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவர் விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்துச் சொடக்கு எடுத்துப் படம் பிடித்தார்கள், 2015-ல். மூட்டு திடீரென்று விரியும்போது உள்ளே இருக்கிற திரவத்தில் காற்றுக்குழி உண்டாகிறது, அவ்வளவுதான்.

கழுத்து மட்டும் விரல் மாதிரி இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் இரண்டு, கழுத்தெலும்பில் இருக்கிற துளைகளுக்குள் புகுந்துதான் மேலே போகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அரிது. ஆனால் ஏற்கனவே அடிபட்ட கழுத்தில், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் யாராவது திருப்பினால்? ஆசானும் வேண்டாம் என்றது இதனால்தான், அவர் கைராசியில் எனக்குச் சந்தேகம் இல்லை, உன் முட்டியைச் சரி பண்ணினவர்தானே.

அப்படியானால் இவர்களுக்கு இதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் பிறகு. இங்கே ஐஸ் ஹாக்கிக்கு டெண்டுல்கர் மாதிரி ஒருவர், சிட்னி கிராஸ்பி. 2011 ஜனவரியில் நாலு நாள் இடைவெளியில் இரண்டு அடி, பத்து மாதத்துக்கு மேல் ஆட முடியவில்லை. நடுவில் நரம்பியல் பக்கம் போன ஒரு கைரோபிராக்டரிடம் சிகிச்சைக்குப் போனார், சுழல்கிற நாற்காலியில் கட்டி உருட்டினார்கள், அது அப்போது பெரிய விவாதம். நவம்பரில் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். எட்டே ஆட்டம், மறுபடி தலைசுற்றல். பிறகு பார்த்தால் கழுத்துத் தசையிலும் ஒரு காயம் இருந்திருக்கிறது. தலைவலி, தலைசுற்றல், மந்தம், இதெல்லாம் மூளையிலிருந்தும் வரும், கழுத்திலிருந்தும் வரும், ஒரே அடியில் இரண்டும் கெட்டிருக்கும். கால்கரியில் கன்கஷன் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்த சுமார் முப்பது பேரை வைத்துப் பார்த்தார்கள், கழுத்துக்கும் உடல் சமநிலைக்கும் சேர்த்து பிசியோதெரபி கொடுத்த குழுவில் 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்தில் ஆடத் தகுதி பெற்றார்கள், கொடுக்காத குழுவில் 14 பேரில் ஒருவர்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் கழுத்தை மறக்காதே என்று சொல்கிறது.

இவளுக்கும் அதுதான் நடந்தது. டாக்டர் இருட்டறையில் படுக்கப் போடச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனைக் குறைத்து லேசான நடை, அப்புறம் நிற்கிற சைக்கிள், பிறகு தனியாகப் பந்தோடு ஓட்டம், அதற்கப்புறம்தான் மற்றவர்களோடு மோதாமல் பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒரு படிக்கு ஒரு நாளாவது, தலைவலி கூடினால் நிறுத்தி மறுநாள் பார். பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் முன்னாடி. மூன்றாவது வாரம் மற்றதெல்லாம் போய்க் கழுத்து வலி மட்டும் மிஞ்சியது, அப்போதுதான் டாக்டரே கைரோபிராக்டரிடம் அனுப்பினார். அப்பவும் சடக் கிடையாது. தலையில் ஒரு பட்டை கட்டி, அதில் லேசர் விளக்கு, எதிரே சுவரில் வட்டம் போட்ட தாள். கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து கண்ணைத் திற. முதல் நாள் அந்தச் சிவப்புப் புள்ளி தாளுக்கு வெளியே, சுவிட்ச் போர்டு பக்கம் நின்றது. நேராகத்தான் பார்க்கிறேன் என்று சாதித்தாள். இரண்டு வாரம் கழித்து நடு வட்டத்துக்குள் வந்தது. மொத்தம் ஐந்து வாரம் ஆனது, அந்தச் சனிக்கிழமை மேட்ச் எப்படிப் போனது என்று இப்போது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

பையன் அப்பாவிடம் நீ பேசு. வாத்தியார் பேச்சை உங்கள் ஊரில் இன்னும் கேட்கிறார்கள். பையனிடமும் கேள், நேரடியாக இல்லை, "வலிக்குதா"ன்னு கேட்டால் சிங்கக்குட்டி இல்லை என்றுதான் சொல்லும். வெளிச்சம் கூசுதா, வகுப்பில் போர்டைப் பார்த்து எழுத முடியுதா, ராத்திரி தூங்கினானா என்று கேள். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது, ஷிஃப்டில் இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே மேப்பிள் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது, குளிர் ஜாக்கெட்டைத் தூசி தட்டி எடுத்தாயிற்று. பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்ம சலூன் இன்னும் இருக்கிறதா? எட்டாம் வகுப்பில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் ஒடித்துவிடுவாரே அண்ணாச்சி, யாருக்குச் சத்தம் அதிகம் வருகிறது என்று நாம் பந்தயம் கட்டுவோமே. போவோம். ஆனால் எனக்கு முடி மட்டும் போதும் என்று நீயே முன்னாடி அவரிடம் சொல்லி வைத்துவிடு, நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி